நாலாவது ஸ்டாண்டுக்காரி

"குளத்துல வாத்து டோய்!"

காலையில் ஏழே கால் மணிக்கு மெர்வின் போட்ட கூச்சலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. செம்மறியாட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகைக்கு ஒரு பொம்பளை வருவது தெரிந்தால் ஆம்பளைகள் இப்படித்தான் கத்த வேண்டும் என்று எந்தக் காலத்திலோ எவனோ சட்டம் போட்டு வைத்திருக்கிறான். கெட்ட வார்த்தையை நிறுத்து, அவிழ்ந்ததை மாட்டு என்று அர்த்தம். பண்ணை வீட்டு அம்மா என்றைக்காவது கேக் தட்டோடு எட்டிப் பார்த்த காலத்துக்கு அது சரி. நெரிடா பதினான்கு வருஷமாக அதே கூட்டத்தில் ஆடு கத்தரிக்கிறவள். பலகைத் தரையில் ஆறு பேர் வரிசையாக நின்று கத்தரிக்கும் இடத்தில் நாலாவது ஸ்டாண்டு அவளுடையது. தலைக்கு மேலே கத்தியை ஓட்ட அவளுக்கென்று ஒரு மோட்டார், முதுகுக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு பட்டி, துண்டு மாட்ட ஓர் ஆணி. அவளுக்கும் அதே கூச்சல்தான், தினமும். பதினான்கு வருஷத்தில் ஒருத்தனுக்காவது சலித்திருக்க வேண்டுமே, இல்லை.

"வாத்துக்கு முன்னாடி நீ பேன்ட்டை மேல ஏத்து மெர்வின், பாக்க சகிக்கல" என்று சொல்லிக்கொண்டே நெரிடா துண்டை ஆணியில் மாட்டினாள்.

பிப்ரவரி மாதம், பூமியின் தெற்குப் பக்கத்து அந்த நாட்டில் உச்சக் கோடை. வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோதுமை அறுத்த தாளெல்லாம் காய்ந்து, குர்ராம்பி ஊரே அடுப்புக்குள் வைத்த மாதிரி இருந்தது. ஈ கண்ணில் விழுந்தது, மூக்கில் விழுந்தது. பனியனுக்கு உள்ளே நெரிடா இரண்டு பிரா போட்டு, அதற்கும் மேலே குதிரைக் காலுக்குச் சுற்றுகிற பட்டைத் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தாள். அப்படியும் நிற்காது. பத்து மணிக்குள் வியர்வையும் ஆட்டு ரோமத்துப் பிசுக்கும் சேர்ந்து துணி நழுவும். மார்புக்கு அடியில் தோல் வெந்து சிவந்து கொப்புளமாகக் கிடக்கும். சோள மாவு போட்டுக்கொள்வாள். தோளில் பிராப் பட்டை அறுத்த பள்ளத்தில் சுண்டு விரலை வைக்கலாம்.

இந்த வேலையைத் தெரியாதவர்கள்தான் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். பட்டியிலிருந்து அறுபது கிலோ பெட்டையாட்டை முன்காலைப் பிடித்து இழுத்துவந்து, குண்டி தரையில் படும்படி முழங்கால்களுக்கு நடுவே உட்கார வைக்க வேண்டும். முதலில் வயிறு, பிறகு இடது தொடை, கழுத்து. அதற்குப் பிறகு வருவதுதான் நீள இழுப்பு. ஆட்டைச் சாய்த்துப் படுக்க வைத்து, வாலிலிருந்து தலை வரைக்கும் கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். அதற்கு உடம்பை இரண்டாக மடிக்க வேண்டும். மற்ற ஐந்து பேருக்கும் மடிப்பதற்கு முதுகு மட்டும்தான். நெரிடாவுக்கு முன்பக்கம் நாலு கிலோ சதையும் சேர்ந்து தொங்கியது. அந்த நாலு கிலோவையும் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நூற்று இருபது ஆடு.

ஒரு நாள் வேலையை நாலு சுற்றாகப் பிரித்துக் கத்தரிப்பார்கள். அன்றைக்கு மூன்றாவது சுற்றில், நீள இழுப்பின் நடுவில் ஆடு உதைத்தது. பட்டைத் துணி ஏற்கனவே நழுவியிருந்தது. கத்தி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலது மார்புக்கு அடியில் சுருக்கென்றது. பனியன் சிவந்து, கீழே கிடந்த வெள்ளை ரோமத்தில் சொட்டியது.

பண்ணைக்காரர் ஹாட்லி அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது:

"அந்த ரோமத்தைத் தனியா போடுங்கப்பா, ரத்தம் பட்டுடுச்சு."

மனுஷனா அவன்?

ரோமம் பொறுக்கித் தரம் பிரிக்கிற ஜாய்லீன்தான் ஓடிவந்தாள். நெரிடாவின் புருஷன் கிளைவுக்கு அக்கா அவள். கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் பனியனைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, ரெண்டு இஞ்சு இருக்குடி. ஆஸ்பத்திரிக்குப் போவோம் வா."

"ஒன்றரை மணி நேரம் போகணும். இன்னும் நாப்பது ஆடு நிக்குது. ஊசிய எடு."

"எந்த ஊசிய?"

"நம்ம கொட்டகைல வேற எந்த ஊசி இருக்கு?"

ஆட்டுக்குக் காயம் பட்டால் தைக்கிற வளைந்த ஊசி. பல்லிடுக்கில் விட்டு அழுக்கெடுக்கிற மெழுகு நூல். ஜாய்லீன் ஏழு தையல் போட்டாள். ஆட்டுக்கு அடிக்கிற நீல மருந்தையே மேலே பீய்ச்சினாள். பிறகு நெரிடா போய் அந்த நாற்பதையும் கத்தரித்தாள்.

சாயங்காலம் கூட்டத்தை நடத்துகிற காண்டிராக்டர் பெவன், ஸ்லிங் என்று ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். முதுகு போனவர்கள் மாட்டிக்கொள்கிற சமாச்சாரம். உத்தரத்திலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கும். அகலமான ஒரு பட்டையில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டால் உடம்புப் பாரத்தை அது தாங்கும். நெரிடா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இது எங்க தாங்கும் பெவன்?"

"நெஞ்சுலதான்."

"எந்த இடத்துலன்னு தொட்டுக் காட்டு."

பெவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாரு நெரிடா, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. வசந்தகாலச் சுற்று ஆகஸ்ட் கடைசியில ஆரம்பிக்குது. அதுக்குள்ள நீ தேறலேன்னா காலம்னு ஒரு பையன் இருக்கான், நாலாவது இடத்தை அவனுக்குக் குடுத்துடுவேன். வாலிபன், ஒரு நாளைக்கு நூத்தியெண்பது ஆட்டுக்கு ரோமம் வெட்டுறான். சமையல்கட்டுல உனக்கு எப்பவும் இடம் உண்டு."

"கிளைவ் முதுகு ஆபரேஷன் பண்ணிட்டு நாலு மாசம் படுத்திருந்தான். அவன் துண்டு அந்த ஆணியிலயே தொங்குச்சு, ஒருத்தன் தொடல. அவனுக்கு ஏன் சமையல்கட்டைக் காட்டல?"

"அது வேறம்மா. அது முதுகு."

"எனக்கு மட்டும் என்ன, அலங்காரமா?"

பெவன் ஸ்லிங்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஐந்தாவது ஸ்டாண்டில் கிளைவ் கத்தியின் சீப்புப் பற்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

இரண்டு நாள் கழித்து, வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறித் துண்டு பொரித்து, மசித்த உருளைக்கிழங்கு வைத்திருந்தாள். கிளைவ் தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அந்த டவுன் டாக்டர்கிட்ட மாரைக் குறைக்கிற ஆபரேஷனுக்கு நிஜமாவே கடுதாசி வாங்கப் போறியா?"

"வாங்கிட்டேன். எட்டு வருஷமா 'எடையைக் குறை, எடையைக் குறை'ன்னு ஒரே பாட்டு. இன்னைக்குத் தையலைக் காட்டினேன். எழுதிக் குடுத்துட்டாரு. ஒட்டின உறைல, நான் படிக்கல."

"எதுக்குப் புள்ள கத்தி வச்சுக்கிட்டு? நல்லாத்தானே இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கே."

"உனக்குப் பிடிச்சிருந்தா நீ மாட்டிக்க. மாட்டிக்கிட்டு நாளைக்கு நூத்தி இருபது வெட்டிட்டு வா, அப்புறம் பேசுவோம்."

"அதுக்கில்ல. ஊர்ல என்ன பேசுவானுங்க? மதுக்கடைல உக்கார முடியுமா நான்? கிளைவ் பொண்டாட்டி அறுத்துக்கிட்டான்னு சிரிப்பானுங்க."

"உன் முதுகை அறுத்தப்போ நான் எவ சிரிப்பான்னு கேட்டேனா? குளிப்பாட்டினேன், பெட்பேன் வச்சு எடுத்தேன். உன் முதுகை அறுக்கலாமான்னு எந்த டாக்டராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டானா?"

கிளைவ் கறியை வெட்டத் தொடங்கினான். கத்தி தட்டில் கிரீச்சிட்டது.

பிளாஸ்டிக் சர்ஜன் இருப்பது பல்லாரட்டில், காரில் இரண்டரை மணி நேரம். ஃபோனில் நாள் குறித்துக் கொடுத்த பெண் கடைசியில் சொன்னது என்ன தெரியுமா? "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்துடுங்க. டாக்டர் ரெண்டு பேரையும் பாக்கத்தான் விரும்புவார்." நெரிடா ரிசீவரை வைத்த வேகத்தில் பக்கத்தில் இருந்த சர்க்கரை டப்பா விழுந்தது. ஆனாலும் கூட்டிக்கொண்டுதான் போனாள். எட்டு மாதம் காத்திருந்து கிடைக்கிற இடம், யாரோ ரத்து செய்ததால் மூன்றே வாரத்தில் கிடைத்திருக்கிறது. வீம்பு பிடித்து விட்டுவிட முடியாது.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நெரிடா நல்ல பிளவுஸ் போட்டிருந்தாள். கிளைவ் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கோட்டு. காத்திருக்கிற அறையில் சுவர் பூராவும் ஒல்லியான பெண்களின் படம். கையால் வாயை மூடிக்கொண்டு கிளைவ் மூலையில் இருந்த மீன்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பிரெண்டர்காஸ்ட் ஐம்பது வயது மனிதர். சுத்தமான விரல்கள், சாந்தமான குரல். உறையைக் கிழித்துப் படித்தார்.

"உங்க தோற்றத்துல உங்களுக்கு வருத்தம்னு எழுதியிருக்கார்."

"எங்க எழுதியிருக்கு?"

அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. எட்டு வருஷம் முதுகு வலி, கழுத்து வலி, விரல் மரத்துப்போகிறது என்று அந்த டவுன் டாக்டர் கிழவரிடம் அழுததெல்லாம் போய், 'தோற்றம் குறித்து வருத்தப்படுகிறார்' என்று ஒரே வரி! நெரிடாவுக்குக் காது சூடானது.

"நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல டாக்டர். என் தோற்றத்தை நான் பாத்து வாரக்கணக்காச்சு. எனக்கு நேரம் எங்க இருக்கு?"

டாக்டர் லேசாகச் சிரித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். நாடா வைத்து அளந்தார். தோள் பள்ளத்தைப் பார்த்தார். நர்ஸ் முன்னால் இருந்தும் பக்கத்தில் இருந்தும் ஃபோட்டோ எடுத்தாள். வலது பக்கம் தூக்கிப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

"இதுக்கு முன்னாடி யார்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க?"

"ஜாய்லீன்கிட்ட."

"டாக்டர் ஜாய்லீனா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஹாட்லி பண்ணை. கம்பளி மூட்டைக்குப் பின்னாடி."

திரைக்கு அந்தப் பக்கம் கிளைவ் இருமினான். டாக்டர் தையல் தடத்தை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார்.

"ஒழுங்காத்தான் தைச்சிருக்காங்க" என்றார்.

"ஒரு நாளைக்குப் பத்து ஆடு தைக்கிறவ."

மேஜைக்குத் திரும்பியதும் அவர் கேள்வியை எல்லாம் கிளைவைப் பார்த்தே கேட்டார். அதுதான் நெரிடாவுக்குத் தாங்கவில்லை. எத்தனை குழந்தை? பதினைந்து வயதில் ஒரு பெண். இன்னொன்று வேண்டும் என்று பின்னால் தோன்றினால்? பால் கொடுக்க முடியாமல் போகலாமே, யோசித்தீர்களா? உணர்ச்சி குறையலாம், தழும்பு இருக்கும், கணவன்மார் சில பேர் பிறகு வருத்தப்படுகிறார்கள். ஒரு ஆல்பத்தைத் திறந்து கிளைவ் பக்கமாகத் தள்ளினார். சின்னது, நடுத்தரம், கொஞ்சம் பெரிது. கிளைவ் ஒரு பக்கத்தைப் பார்த்தான், உடனே ஜன்னலைப் பார்த்தான்.

"என்னைக் கேட்டா" என்றார் டாக்டர், "முதல்ல பன்னிரண்டு கிலோ எடையைக் குறைங்க. பிசியோதெரபி பண்ணுங்க. நல்லா அளவெடுத்த பிராவா ஒண்ணு வாங்கிப் போடுங்க. ஒரு வருஷம் கழிச்சு வாங்க, பாப்போம். அவசரப்பட்டு எடுக்கிற முடிவு இல்ல இது. நீங்க என்ன சொல்றீங்க மிஸ்டர் டன்ஸ்டன்?"

ஒரு வருஷம். ஆகஸ்ட் கடைசியில் நாலாவது ஆணியில் எவன் துண்டோ தொங்கும். அவள் அடுப்படியில் நின்று அந்தக் காலனுக்கு முட்டை பொரித்துப் போடுவாள். காலம் என்று பேர் வைத்திருக்கிறானாம், காலன்தான் அவன்.

கிளைவ் வாயைத் திறப்பதற்குள் நெரிடா எழுந்துவிட்டாள்.

"கிளைவ், எந்திரி. கோட்டைக் கழட்டு. கீழ உக்காரு."

"இங்கயா?"

"ஆடு கேள்வி கேக்காது. உக்காரு."

பதினேழு வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலைக் கேட்டவன் அவன். உட்கார்ந்தான். நெரிடா பின்னால் போய் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்து, டாக்டரின் சாம்பல் நிறக் கம்பளத்தில், தன் முழங்கால்களுக்கு நடுவில் அவனைச் சாய்த்து இறுக்கினாள். மேஜையில் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கத்தியாக எடுத்துக்கொண்டாள்.

"இது வயிறு" என்று கிளைவின் சட்டை மேல் நாலு இழுப்பு இழுத்தாள். "இது தொடை. இது கழுத்து. தலையை ஆட்டாத. இது வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இப்ப நீள இழுப்பு, பாருங்க."

அவனைப் பக்கவாட்டில் சாய்த்து, காலைத் தாண்டி வைத்து, இரண்டாக மடிந்து குனிந்தாள். பிளவுஸ் தொங்கியது. கிளைவின் காது, கன்னம், கழுத்து எல்லாம் அதற்குள் காணாமல் போனது.

"இப்ப என் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. கத்தியும் தெரியல. நீங்க எந்திரிச்சு வந்து பாருங்க. தூரத்துல உக்காந்து படம் காட்டாதீங்க."

டாக்டர் எழுந்து வந்தார். பக்கத்தில் வந்து, குனிந்தார். கண்ணாடிக் கூட்டின் முனை நெரிடாவின் பிளவுஸில், வலது பக்கம் அடியில் குத்திக்கொண்டு நின்றது. தையல் இருந்த அதே இடம்.

அவள் நிமிரவில்லை. அப்படியே மடிந்த நிலையிலேயே பேசினாள். "ஒரு ஆட்டுக்கு மூணு நிமிஷம். நூத்தி இருபது ஆடு. எடையைக் குறைங்கன்னு சொல்றீங்களே, நாள் பூரா ஆடு இழுக்கிறவளுக்கு எந்த எடை எங்க இருக்கு? எட்டு வருஷத்துல நாலு தடவை குறைச்சேன். இடுப்பு போச்சு, முகம் போச்சு, இது ரெண்டும் அங்கயேதான் இருந்துச்சு. ரெண்டு பிரா போட்டுக் குதிரைத் துணி சுத்துறேன், மூணாவது பிரா வாங்கச் சொல்றீங்க. இவனுக்கு முதுகு வலின்னதும் ஆறே வாரத்துல அறுத்தாங்க. எனக்கும் முதுகுதான் டாக்டர் வலிக்குது. பொம்பளைக்கு முதுகு கிடையாதா?"

டாக்டர் நிமிர்ந்தார். பழக்க தோஷம் பாருங்கள், கம்பளத்தில் மல்லாந்து கிடந்தவனையே பார்த்துக் கேட்டார்:

"மிஸ்டர் டன்ஸ்டன், அப்போ உங்களுக்கு இதுல சம்மதம்தானே?"

"ஆட்டைக் கேக்காதீங்க டாக்டர்!" என்று கத்தினாள் நெரிடா. வெளியே மீன்தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "கத்தரிக்கிறவ நான். என்னைக் கேளுங்க!"

டாக்டர் மெதுவாக நாற்காலிக்குப் போனார். பேனாவை எடுத்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு குறைக்கணும்?"

"குனிஞ்சா கத்திக்குக் குறுக்க வரக்கூடாது. அவ்வளவுதான். ஆல்பம் வேண்டாம்."

"ஜூன் இருபத்தி மூணு ஒரு இடம் இருக்கு. அதுக்கப்புறம் எட்டு வாரம் பாரம் தூக்கக்கூடாது. கண்டிப்பா."

நெரிடா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். ஆகஸ்ட் பதினெட்டு. பெவனின் சுற்றுக்கு ஒரு வாரம் முன்னால்.

"எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி அந்தத் தோற்றம்னு இருக்கிற வரியை அடிங்க. அடிச்சிட்டு, வேலைக்காகன்னு போடுங்க."

அவர் அடித்தார். போட்டார். அவள் எட்டிப் படித்து உறுதி செய்துகொண்டாள். கிளைவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. பட்டியிலிருந்து இழுக்கிற மாதிரியே இழுத்துத்தான் நிற்க வைத்தாள்.

திரும்பி வரும்போது பாதி வழியில் காரை நிறுத்தினார்கள். பெட்ரோல் போடுகிற இடத்தில் மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட 'பை' ஆளுக்கு ஒன்று வாங்கிக் காருக்குள்ளேயே உட்கார்ந்து தின்றார்கள்.

"உன் கால் நடுங்குச்சு" என்றான் கிளைவ்.

"எப்போ?"

"நீ குனிஞ்சு நின்னப்போ. ரெண்டு காலும். என் விலாவுல தெரிஞ்சுது."

"தினமும் நடுங்குது."

"எனக்குத் தெரியாது நெரி."

"பதினாலு வருஷமா ஆறடி தள்ளி நிக்கிற. எப்பவாவது திரும்பிப் பாத்தியா?"

தக்காளி சாஸ் கோட்டில் சொட்டியதைக்கூட அவன் துடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கொட்டகையில் மெர்வின் வழக்கம்போல் வாத்துக் கூச்சல் போட்டான். ஒன்பதரை மணி டீ வேளையில் எல்லோரும் மூட்டைகள் மேல் உட்கார்ந்து கேக்கும் டீயுமாக இருந்தார்கள். விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. குர்ராம்பியில் ஒரு விஷயம் சனி, ஞாயிறு இரண்டு நாள் தாங்காது.

"என்னப்பா கிளைவ்" என்றான் மெர்வின் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "டாக்டர் உன்னைக் கேட்டானாமே? நீ என்ன சொன்ன?"

கிளைவ் டீயை ஒரு மடக்கு குடித்தான்.

"மேன்னு சொன்னேன்."

கொட்டகை குலுங்கியது. ஜாய்லீன் கேக் துண்டு தொண்டையில் சிக்கி நெஞ்சில் தட்டிக்கொண்டாள். நெரிடா மட்டும் சிரிக்கவில்லை. பெவன் முன்னால் போய் நின்றாள்.

"ஜூன் இருபத்தி மூணு ஆபரேஷன். ஆகஸ்ட் கடைசியில நான் நாலாவது ஸ்டாண்டுல நிப்பேன். என் துண்டு ஆணியிலயே தொங்கும்."

பெவன் நெளிந்தான். "அதுக்குள்ள தேறுவியான்னு யாருக்குத் தெரியும்? காலத்துக்கு வாக்குக் குடுத்துட்டேனே நெரிடா. ஒரு ஸ்டாண்டு வேணுமே அவனுக்கு. உனக்கென்ன, சமையல்கட்டு..."

"என்னுதைக் குடு" என்றான் கிளைவ்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஐந்தாவது ஸ்டாண்டுக்குப் போய், ஆணியில் தொங்கிய தன் துண்டை எடுத்தான். பெவன் தோளில் போட்டான்.

"சமையல்கட்டுக்கு நான் போறேன். முதுகு போனவன் நான்தானே. அது வேறன்னு நீதான சொன்ன."

"டேய், விளையாடாத. உனக்கு முட்டை அவிக்கத் தெரியுமாடா?"

"தெரியாது. எல்லாரும் சேர்ந்து சாவுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மெர்வின் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டான். பெவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தானே போய் ஐந்தாவது ஆணியில் மாட்டினான். நாலாவது ஆணியைத் தொடவில்லை.

"காலம் ஒரு சுற்று காத்திருக்கட்டும்" என்று முணுமுணுத்தான்.

"எனக்கு தயவு பண்ற மாதிரி சொல்லாத" என்றாள் நெரிடா. "அது என் இடம்."

மணி அடித்தது. ஆறு பட்டிக் கதவுகளும் ஒன்றாக அடித்துத் திறந்தன. நெரிடா ஒரு கிழப் பெட்டையை இழுத்து வந்து முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து மோட்டார் கயிற்றை இழுத்தாள். குனிந்ததும் துணி நழுவியது, பாரம் இறங்கியது, கால் நடுங்கத் தொடங்கியது. பக்கத்து ஸ்டாண்டில் கிளைவ் கத்தியை எடுக்காமல் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன வாயைப் பொளந்துட்டு நிக்கிற?" என்றாள் நிமிராமலே. "ஆபரேஷனுக்கு இன்னும் பதினஞ்சு வாரம் இருக்கு. வெட்டு."